பொறியின் கையில் செங்கோலா?



மாந்தன் எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய முடிவைப் பொறியைக் கொண்டு செய்வித்துவிட்டு, அம்முடிவால் ஒருவன் வாழ்வு அழிந்தாலும் "அது பொறி செய்தது, யாம் என் செய்வோம்?" என்று கைவிரிக்கும் ஒரு புதுவகை ஆட்சி உலகெங்கும் தலைதூக்கி வருகின்றது. வாளெடுத்து வந்த கொடுங்கோலை மக்கள் அடையாளங் கண்டு எதிர்த்தனர். இதுவோ விரைவு, சிக்கனம், நேர்மை என்னும் மூன்று நற்பெயர்களைச் சூடிக்கொண்டு வருகின்றது. ஆகலின் இதனை வரவேற்பார் பலர், உசாவுவார் சிலர். அச்சிலருள் தமிழரும் இருத்தல் வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது.

இதற்கு ஆங்கிலர் இட்ட பெயர் 'ஒர்க்புளோ ஆட்டோமேசன்'. நாம் பணிப்போக்குத் தானியக்கம் என்போம். பெயரைக் கண்டு மருள வேண்டா. பொருள் எளிது.

படமும் பொறியும்

ஓர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் வருகின்றது. ஒருவர் பெற்றுப் பதிகின்றார். அடுத்தவர் சரிபார்க்கின்றார். மேலவர் ஒப்பம் இடுகின்றார். கருவூலத்தார் பணம் வழங்குகின்றனர். இவ்வரிசையைத் தாளில் படமாக வரையலாம். 1921-ஆம் ஆண்டிலேயே பிராங்கு கில்பிரெத்து, இலில்லியன் கில்பிரெத்து என்னும் அமெரிக்க இணையர், வேலை நடக்கும் முறையைக் குறிகளால் வரைந்து காட்டும் வழியை அந்நாட்டுப் பொறியியலாளர் கழகத்தின் முன் எடுத்துரைத்தனர். தொழிற்சாலைக்கென வகுத்த அம்முறை பின்னர் அலுவலகத்துள் புகுந்தது. 2004-இல் இதற்கெனப் பொதுவான ஒரு குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. 2011-இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 2013-இல் அது உலகத் தரப்பாட்டு நிறுவனத்தின் ஏற்பையும் பெற்றது.

அம்முறையில் வட்டம் ஒரு நிகழ்வைக் குறிக்கும். முனை மழுங்கிய நீள்கட்டம் ஒரு பணியைக் குறிக்கும். சாய்ந்து நிற்கும் நாற்கோணம் வழி பிரியும் வாயிலைக் குறிக்கும். 'ஆம்' எனின் இவ்வழி, 'அன்று' எனின் அவ்வழி என அங்கே போக்குக் கவர்படும். பணிக் கட்டத்தின் மூலையில் சிறிய மாந்த உருவம் இருப்பின் அப்பணியை ஆள் செய்தல் வேண்டும். பற்சக்கரம் இருப்பின் பொறியே செய்துவிடும். இச்சிறு வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் யான் சொல்லப்போவதெல்லாம் அம்மூலையில் நிற்கும் மாந்த உருவத்தைப் பற்றியதே.

பண்டைப் படங்கள் சுவரில் தொங்கின. இன்றைய படம் ஓடுகின்றது. வரைந்த படத்தையே கணிப்பொறிக்கு ஊட்டினால், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வில்லையை அது உண்டாக்கி, கட்டந்தோறும் நகர்த்தி, வாயில்தோறும் வழி தேர்ந்து, இறுதிவரை கொண்டு சேர்த்துவிடும். எனவே படம் வரைந்தவனே ஆணையிட்டவன் ஆகின்றான். சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஏட்டில் இருக்கும். மக்கள்மேல் உண்மையில் பாயும் சட்டமோ படத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கும் வரையில் இன்னல் இல்லை. இரண்டும் வேறுபட்டால்?

முகில் என்னும் மயக்கம்

'கிளவுடு' என ஆங்கிலத்தில் வழங்கும் முகிற்கணிமை இப்படங்களுக்குப் புதிய வலிமையைத் தந்துள்ளது. முன்பு ஒரு துறை இத்தகைய அமைப்பை நிறுவ வேண்டுமானால் பொறி வாங்க வேண்டும். அதற்கு அறை வேண்டும். அதைப் பேண ஆள் வேண்டும். 2006-இல் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபின் அந்நிலை மாறிற்று. இன்று பணிப்போக்குப் பொறியை ஆளுக்கு இவ்வளவு, திங்களுக்கு இவ்வளவு என்று வாடகை பேசிப் பெறலாம். காலையில் படம் வரைந்து மாலையில் ஓட்டலாம். நூறு விண்ணப்பம் வந்தாலும், நூறாயிரம் வந்தாலும் முகில் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும்.

முகில் என்பதைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டா. அது யாரோ ஒருவருக்குச் சொந்தமான கட்டடத்தில், யாரோ ஒருவருடைய மின்சாரத்தில் ஓடும் கணிப்பொறிக் கூட்டம். 2025 அக்தோபர் 20-ஆம் நாள் அமெரிக்காவின் வட வர்சீனியாப் பகுதியிலுள்ள அமேசானின் கணிமனைகளில், இணைய முகவரிப் பதிவில் நேர்ந்த ஒரு பிழையால், உலகின் பல நாடுகளில் எண்ணற்ற பணிகள் பல மணிநேரம் முடங்கின. எங்கோ நேரும் ஒரு பிழை நம் ஊர் அலுவலகத்தின் கதவைச் சாத்தும் என்றால், அக்கதவின் திறவுகோல் யாரிடம் உள்ளது?

அதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. பொறி நின்றுபோவது ஒரு நாள் துன்பம். பொறி தவறாகவும் தடையின்றியும் ஓடிக்கொண்டே இருப்பது பல்லாண்டுத் துன்பம். அதற்கு உலகறிந்த சான்று ஆத்திரேலியா.

ஆத்திரேலியாவில் நடந்த கொடுமை

ஆத்திரேலியாவில் வேலையற்றோர், மாணவர், நோயுற்றோர் முதலியோர்க்கு அரசு நலத்தொகை வழங்குகின்றது. அத்தொகை இரு கிழமைக்கு ஒருமுறை கணக்கிடப்படும். அவ்விரு கிழமையில் ஒருவன் ஈட்டியது எவ்வளவோ அதற்கேற்ப உதவி கூடும், குறையும். இதுவே சட்டம்.

உதவி பெற்றவர் வருவாயை மறைத்தனரா என்று துறையினர் பழங்காலந்தொட்டே ஆராய்ந்து வந்தனர். வரித்துறையிடம் உள்ள ஆண்டு வருவாயும், நலத்துறையிடம் உள்ள கணக்கும் பொருந்தாதவிடத்து ஓர் அலுவலர் அதனை எடுத்துப் பார்ப்பார், முதலாளியைக் கேட்பார், சம்பளச் சீட்டை வாங்குவார், பின்னரே கடன் என முடிவு செய்வார். இவ்வகையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20,000 நேர்வுகளே ஆராயப்பட்டன. பணத்தை மீட்டு வரவு செலவுத் திட்டத்தை நிரப்ப விரும்பிய அரசுக்கு இது போதவில்லை. 2015-இல் ஒரு புதிய முறை வகுக்கப்பட்டது. 2016-இல் அது நாடெங்கும் பாய்ந்தது. ஆண்டுக்கு 20,000 என்றிருந்தது கிழமைக்கு 20,000 என்றாயிற்று. மக்கள் இதனை எள்ளி 'ரோபோடெட்' எனப் பெயரிட்டனர். பொறிக்கடன் என நாம் சொல்லலாம்.

எவ்வாறு இத்துணை விரைவு வந்தது? ஆராயும் அலுவலரைப் படத்தினின்று நீக்கியதால் வந்தது. அவர் செய்த வேலைக்கு மாற்றாக ஒரு வகுத்தற் கணக்கு வைக்கப்பட்டது. ஆண்டு வருவாயை 26-ஆல் வகு. வரும் ஈவே ஒவ்வோர் இரு கிழமைக்கும் அவன் ஈட்டிய வருவாய் எனக் கொள். இதுதான் அக்கணக்கு.

நான்காம் வகுப்புச் சிறுவனும் இதன் பிழையைச் சொல்லுவான். ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பாருங்கள். ஒருவன் ஆண்டின் முதற்பாதியில் வேலை செய்து 26,000 தாலர் ஈட்டுகின்றான். அக்காலத்தில் அரசினிடம் ஒரு காசும் பெறவில்லை. பிற்பாதியில் வேலை போய்விடுகின்றது. வருவாய் இல்லை. சட்டப்படி உதவி பெறுகின்றான். இவனிடத்தில் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. பொறியோ 26,000-ஐ 26-ஆல் வகுத்து, இரு கிழமைக்கு 1,000 தாலர் ஆண்டு முழுதும் ஈட்டினான் என்கின்றது. வேலையற்றுக் கிடந்த பதின்மூன்று தவணையிலும் ஆயிரம் ஆயிரமாக ஈட்டி மறைத்தான் என்கின்றது. பெற்ற உதவி கடனாகிவிடுகின்றது. அதன்மேல் பத்து விழுக்காடு தண்டமும் ஏறுகின்றது.

கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பும் ஏழையின் தலையில் சுமத்தப்பட்டது. ஐந்தாறு ஆண்டுக்கு முற்பட்ட சம்பளச் சீட்டைத் தேடிக் கொண்டுவா என்றனர். வேலை கொடுத்த கடை மூடிப்போயிருக்கலாம், முதலாளி மறைந்திருக்கலாம், வீடு மாறியதில் மடல் வந்து சேராமலே இருந்திருக்கலாம். பொறிக்கு அதெல்லாம் கணக்கில்லை. விடை வரவில்லையெனின் வகுத்தற் கணக்கே முடிந்த முடிபு. தொடக்கத்தில் அனுப்பிய மடல்களில் அப்பணிக்கென இருந்த உதவிப் பிரிவின் தொலைபேசி எண் கூட அச்சிடப்படவில்லை. பேசுதற்கு ஆளிருந்தால் பொறிக்கு வேலை குறையுமன்றோ!

இம்முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று குமுகநலத் துறையின் சட்ட வல்லுநர்கள் 2014-ஆம் ஆண்டிலேயே, அதாவது திட்டம் தொடங்குமுன்பே, எழுத்தில் அறிவுரை தந்திருந்தனர். 2017 மார்ச்சுத் திங்களில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் தெரி கார்னி இவ்வகைக் கடன் செல்லாது என்று முடிவு கூறினார். அரசு அம்முடிவை எதிர்த்து மேலும் செல்லவில்லை; ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அத்தீர்ப்பாயத்தின் கீழ்நிலை முடிவுகள் அக்காலத்தில் வெளியிடப்படவில்லை. ஆகலின் பொதுமக்களுக்குச் செய்தி எட்டவில்லை. பொறி ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வாண்டிலேயே கார்னியின் பதவிக்காலம் முடிந்தது. மீண்டும் அவர் அமர்த்தப்படவில்லை.

2019 நவம்பரில் நடுவண் வழக்குமன்றத்தில் அரசே தன் கணக்கு சட்டப்படி செல்லாது என ஒப்புக்கொண்டது. 2020 மே 29-ஆம் நாள், 4,70,000 கடன்களை நீக்கி 72.1 கோடித் தாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 சூன் திங்களில் மக்கள் தொடுத்த கூட்டு வழக்கில் நடுவர் பெர்னார்டு மர்பி உடன்பாட்டை ஏற்றபோது உண்மையின் முழு அளவு வெளிப்பட்டது. ஏறத்தாழ 4,33,000 மக்கள்மேல் 176.3 கோடித் தாலர் பொய்க்கடன் சுமத்தப்பட்டது. அவருள் ஏறத்தாழ 3,81,000 பேரிடம் 75.1 கோடித் தாலர் பிடுங்கவும் பட்டது. அதற்கு இழப்பீடாக அன்று தந்தது 11.2 கோடித் தாலர். 2025 செப்தம்பரில் மேலும் 47.5 கோடித் தாலர் தர அரசு இசைந்தது.

பணம் திரும்பிற்று. உயிர் திரும்புமோ? 2022-இல் அமைந்து, கேத்தரின் ஓம்சு அம்மையார் தலைமையில் உசாவிய அரச ஆணையத்தின் முன், பிள்ளைகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார் வந்து நின்று சான்று கூறினர். 2023 சூலை 7-ஆம் நாள் வெளிவந்த அவ்வாணையத்தின் அறிக்கை, இத்திட்டம் முரட்டுத்தனமும் கொடுமையும் வாய்ந்தது, நேர்மைக்கும் சட்டத்துக்கும் புறம்பானது என்று முடிவுரைத்து, 57 பரிந்துரைகளை முன்வைத்தது. சிலர் மேல் நடவடிக்கைக்கு உரியர் எனப் பெயர் குறித்த ஒரு பகுதி மூடி முத்திரையிடப்பட்டது.

ஒரு கட்டத்தின் மாற்றம்

இத்துணைக் கேட்டுக்கும் படத்தில் நேர்ந்த மாற்றம் எத்துணைப் பெரிது? ஒரு கட்டத்தின் மூலையில் இருந்த மாந்த உருவத்தை அழித்துப் பற்சக்கரத்தை வரைந்தனர். அவ்வளவே!

அம்மாந்தர் அங்கே வெறுமனே அமர்ந்திருக்கவில்லை. 'இவன் ஆறு திங்கள் வேலை செய்தான், ஆறு திங்கள் செய்யவில்லை' என்று காணும் கண்ணாக இருந்தார். ஆண்டுக்கு 20,000-க்கு மேல் முடியாது என்ற அவருடைய மெலிவே மக்களுக்கு அரணாகவும் இருந்தது. ஒரு தவறான நெறியை மாந்தர் கையால் நடத்தினால் முதல் நூறு நேர்வுகளிலேயே யாரோ ஒரு கணக்கர் நிமிர்ந்து, "ஐயா, இது பொருந்தவில்லையே" என்பார். பொறி நிமிர்ந்து பார்ப்பதில்லை. நூறாயிரத்தையும் ஒரே முகத்தோடு செய்து முடிக்கும்.

ஆத்திரேலிய அரசு இதனைச் செய்தற்குத் துறைக்குச் சொந்தமான பெரும் பொறிகளும், பல திங்கள் உழைப்பும் வேண்டியிருந்தன. இன்று முகிலில் அத்தகைய படமொன்றை வரைந்து ஓட்ட ஒரு சிறு குழுவும் வாடகைப் பணமும் போதும். பெரிய அரசு செய்த பிழையைச் சிறிய வாரியமும், நகராட்சியும், வங்கியும், காப்பீட்டு நிறுவனமும் செய்யும் ஆற்றல் பெற்றுவிட்டன. முகில் பெருக்குவது படத்தை. படம் நல்லதாயின் நன்மை பெருகும், தீயதாயின் தீமை பெருகும்.

மறுப்பும் விடையும்

"பழைய அலுவலகத்தை மறந்தீரோ? மேசைக்கடியில் கோப்பு மறையவில்லையா? கையூட்டின்றித் தாள் நகர்ந்ததா? பொறி கையூட்டு வாங்காதே, உறவு பாராதே!" என்று சிலர் கேட்பர். மெய்தான். கோப்பு எம்மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதை மறைக்க முடியாமற் காட்டுவது பணிப்போக்கின் பெருநன்மை. தகுதியுடையான் ஒருவனுக்கு உதவித்தொகை ஒரு நிமையத்தில் ஒப்பப்பட்டால் யார் வருந்துவர்? அந்நன்மைகளை யாம் மறுக்கவில்லை. கொடுக்கும் இடத்தில் பொறி விரையட்டும். பறிக்கும் இடத்தில், ஒறுக்கும் இடத்தில், ஒருவனைக் குற்றவாளி எனச் சொல்லும் இடத்தில் விரைவு எதற்கு? கையூட்டு வாங்கும் அலுவலரை ஒறுக்க வழியுண்டு. பிழை செய்த வகுத்தற் கணக்கை எச்சிறையில் அடைப்பீர்?

"பிழை செய்தது அரசு, பொறியை ஏன் பழிக்கின்றீர்?" என்பர் வேறு சிலர். பொறியைப் பழிக்கவில்லை. பொறியின் பின்னே ஒளியும் அரசைப் பழிக்கின்றோம். அலுவலர் ஒருவர் கையொப்பமிட்டு, 'நீ கடன்பட்டாய்' என எழுதியிருப்பின், எவ்வாறு கண்டீர் என அவரைக் கேட்கலாம். பொறி எழுதிய மடலுக்கு யாரைக் கேட்பது? படம் வரைந்தவர், மேலிடம் சொன்னதை வரைந்தேன் என்பார். மேலிடத்தார், நுட்பம் எமக்குத் தெரியாது என்பார். மென்பொருள் விற்றவர், கருவியை மட்டுமே தந்தோம் என்பார். பொறுப்பு கைமாறிக் கைமாறிக் காணாமற் போகின்றது. முகில் என்னும் பெயர் இதற்குத்தான் மிகவும் பொருந்துகின்றது!

ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். உண்மை வெளிப்பட்ட அப்பொழுதே அவன் உயிர் நீங்கிற்று. அப்பிழையைச் 'சொன்னவன் தவறு' என்று அவன் தட்டிக் கழிக்கவில்லை. ஆராயாமை அரசனின் குற்றம் என்பதே தமிழர் கண்ட முறைமை. வரித்துறையின் எண்ணும் நலத்துறையின் எண்ணும் பொருந்தவில்லை என்று பொறி சொன்னால், அது பொற்கொல்லன் சொல்லுக்கு ஒப்பானது. அங்கிருந்து ஆராய்ச்சி தொடங்க வேண்டும். அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடலாகாது.

புறனடை இல்லாத நூல்

இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் இன்னொன்று சொல்வேன். தொல்காப்பியர் இயல் பலவற்றின் இறுதியில் புறனடை நூற்பா வைத்தார். யாம் சொன்ன நெறிக்குள் அடங்காதனவும் வழக்கில் உள. அவற்றை வழக்கறிந்து கொள்க என்பது அதன் கருத்து. தம் காலத்து மொழியை அத்துணை நுணுகி ஆராய்ந்த பேராசிரியர், தம் நூலுக்குள் உலகம் முழுதும் அடங்காது என்று அறிந்திருந்தார். நன்னூலாரும் அவ்வழியே சென்றார்.

பணிப்போக்குப் படம் வரைவார்க்கு அவ்வடக்கம் வேண்டும். வாயிலில் இரண்டே வழி வைக்கின்றனர்: ஆம், அன்று. மூன்றாம் வழி ஒன்று எப்பொழுதும் உண்டு: 'இது நாம் எண்ணியிராத நேர்வு, ஆள் பார்க்கட்டும்'. குறியீட்டு முறையில் இதற்கு இடமில்லாமல் இல்லை. பிழை நிகழ்வைக் குறிக்கவும், இடைநிறுத்தி ஆளிடம் ஒப்படைக்கவும் அதில் குறிகள் உள்ளன. இருந்தும் அதனை வரையாமல் விடுகின்றனர் என்றால், அது குறியின் குறையன்று. வரைவோரின் நெஞ்சக் குறை. புறனடை வரைந்தால் ஆள் வேண்டும். ஆள் வைத்தால் செலவு கூடும். அச்செலவை மிச்சப்படுத்த முயன்றே ஆத்திரேலிய அரசு மிச்சப்பட்டதினும் மிகுதியாக இழந்தது. நாட்டின் முன் நாணியும் நின்றது.

வரைவு எம்மொழியில்?

"ஆத்திரேலியாவின் கதை தமிழனுக்கு ஏன்?" என்று கேட்பார் உளர். ஏனெனில் இக்கருவிகளை ஆக்குவோருள் தமிழர் முன்னணியில் உள்ளனர். முகிலில் இயங்கும் பணிப்போக்கு மென்பொருள்களை உலகெங்கும் விற்கும் சோகோ, கிசுபுளோ ஆகிய நிறுவனங்கள் சென்னையில் இருந்து இயங்குகின்றன. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஓர் ஏழையின் விண்ணப்பம் செல்லும் வழியை நம் பிள்ளைகள் ஆக்கிய கருவி நாளை தீர்மானிக்கும். கருவி செய்யும் கைக்கு அறம் வேண்டும். அறம் தமிழனின் தாய்ச்செல்வம்.

அக்கருவி தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு வரும்போது இன்னொரு வினா எழுகின்றது. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. மக்களுக்கு வரும் மடல் தமிழில் இருந்தால் அச்சட்டம் நிறைவேறிவிட்டதாக நாம் மகிழ்கின்றோம். மடலுக்கு முன்னே உள்ள படம் எம்மொழியில் உள்ளது? கட்டங்களின் பெயர், வாயிலின் வினா, பிரியும் வழிகளின் நெறி ஆகியவை ஆங்கிலத்தில் இருந்தால், உண்மையான ஆணை ஆங்கிலத்தில் உள்ளது என்பதே பொருள். மடல் அதன் மொழிபெயர்ப்பு மட்டுமே. தன்னை ஆளும் நெறியைப் படித்தறிய முடியாதவன் குடிமகனாக எண்ணப்படுவது எங்ஙனம்?

தமிழில் வரைய முடியாது என்று எவரும் சொல்ல வேண்டா. வட்டத்துக்கும் கட்டத்துக்கும் மொழியில்லை. உள்ளே எழுதும் பெயர் எம்மொழியிலும் இருக்கலாம். உலகப் பொது எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. நிகழ்வு, பணி, வாயில், போக்கு, இடைநிறுத்தம், ஒப்படைப்பு, புறனடை. இச்சொற்களுள் எது நம்மிடம் இல்லாதது? 'அப்ரூவல் பெண்டிங்' என்று எழுதுமிடத்தில் 'ஒப்பம் பெறவில்லை' என்று எழுதினால் பொறி ஓட மறுக்குமோ? மறுப்பது பொறியன்று, நம் அடிமை நெஞ்சமே.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, அரசாயினும் நிறுவனமாயினும் மக்கள்மேல் பணிப்போக்குப் பொறியை ஓட்டுமுன் ஐந்தினை ஒப்புக்கொள்ளல் வேண்டும் என நாம் வற்புறுத்துவோம்.

ஒன்று: ஒருவருடைய உதவியை நிறுத்தும், அவர்மேல் கடன் சுமத்தும், தண்டம் விதிக்கும் எம்முடிவுக்கும் பெயரும் பதவியும் உடைய ஓர் அலுவலர் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடல் வேண்டும். அக்கட்டத்தில் பற்சக்கரம் கூடாது.

இரண்டு: படம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அது மாற்றப்படுந்தோறும் எந்நாளில், எவர் ஆணையால் மாறியது என்பதும், பழைய படமும் உடன் காட்டப்படல் வேண்டும். அரசிதழில் வராத சட்டம் செல்லாது. வெளியில் வராத படமும் செல்லலாகாது.

மூன்று: குற்றம் சாட்டுபவரே சான்று காட்டல் வேண்டும். ஏழாண்டுக்கு முந்திய சீட்டைத் தேடும் சுமை ஏழைக்கு உரியதன்று.

நான்கு: ஒருவர் "இது பிழை" என்று மறுத்தவுடன் போக்கு அவ்விடத்தே நிற்றல் வேண்டும். மறுமொழி கூற ஆளும், அவ்வாளைப் பேசியிலும் நேரிலும் அடையும் வழியும் இருத்தல் வேண்டும்.

ஐந்து: படம் அந்நாட்டு மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழே.

மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழ் இளைஞர்களே! இவ்வைந்தையும் சட்டமாகும்வரை காத்திராமல் நாளைக்கே செய்யத்தக்கவர் நீங்களே. உங்கள் மேசைக்கு ஒரு படம் வரும். மாந்தக் கட்டம் ஒன்றை நீக்கிவிடுமாறு மேலாளர் சொல்வார். நீக்குவது ஒரு நொடி வேலை. நீக்குமுன், "இக்கட்டத்தில் இருந்தவர் எதனைக் கண்டார்? இனி அதனைக் காண்பவர் யார்?" என்று கேளுங்கள். விடை கிட்டாவிடின் கை வைக்காதீர்கள். அவ்வினாவை ஆத்திரேலியாவில் 2015-இல் கேட்டவர் சொல் மதிக்கப்பட்டிருக்குமானால், நான்கு இலக்கத்துக்கு மேற்பட்ட மக்கள் பொய்க்கடனால் நடுங்கியிருக்க மாட்டார்கள்.

திருவள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றின்பின் வெருவந்த செய்யாமையையும் கண்ணோட்டத்தையும் வைத்தார். குடிமக்கள் வெருவும்படி எதனையும் செய்யாதிருத்தலும், அவரைக் கண்ணெடுத்துப் பார்த்தலும் ஆள்வோர்க்குரிய கடமைகள் என்பது அவ்வைப்புமுறையே காட்டும் உண்மை. பொறிக்குக் கணக்கு உண்டு, கண்ணோட்டம் இல்லை. கண்ணோட்டம் இல்லாததன் கையில் செங்கோலைத் தருவோமாயின், அதனைத் தந்த நாமே அக்கொடுங்கோலுக்குப் பொறுப்பாவோம். பொறி நமக்கு ஏவலாளாக இருக்கட்டும். முறைசெய்யும் இருக்கையில் மாந்தன் அமரட்டும். அவன் கையெழுத்து தமிழில் இருக்கட்டும்!